மண்ணை ஏற்றிக்கொண்டு மேற்கே

நாற்பத்தாறாம் வயதில்தான் நான் முதன்முதலாக மண்வெட்டியைக் கையில் பிடித்தேன். அதுவரை சிங்கப்பூரில், தஞ்சோங் பகார் வட்டாரத்தில், ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தின் பதினேழாவது மாடியில் உட்கார்ந்து, எந்தப் பெட்டி எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடம். ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் பிரிவையே வேறு நாட்டுக்கு மாற்றப் போவதாகச் சொன்னார்கள். அந்த மாதக் கடைசியில் என் மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையையும், ஏசி குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் சால்வையையும் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன்.

வேலை போனதற்காக அழவில்லை. ஆனால் வீட்டில் சும்மா இருக்கத் தெரியவில்லை. என் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவருக்கு அடிக்கடி வாய்ப்புண் வரும். மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைத்துக் கொடுத்தால் இரண்டு நாளில் ஆறிவிடும். அந்தக் கீரைக்காக லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்குப் போனேன். கீரைக்கடை அக்கா ஒரு கட்டை எடுத்துக் காட்டினார். நனைத்துப் பிழிந்த துணி மாதிரி தொங்கியது.

“என்னக்கா, இப்படி இருக்கு?”

“ஊருலேர்ந்து ப்ளேன் வந்தாத்தான்லா கீரை. இது முந்தாநாள் வந்தது. வேணும்னா எடுத்துக்குங்க, வேணாம்னா விடுங்க.”

வாங்காமல் திரும்பினேன். அன்று சாயங்காலம் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய கால்வாய் ஓரத்தில், சிமெண்ட் வெடிப்பிலிருந்து ஒரு மணத்தக்காளிச் செடி முளைத்துக் கறுப்பாகப் பழுத்து நிற்பதைப் பார்த்தேன். ஏதோ பறவை போட்ட விதை. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, யாரும் உரம் வைக்கவில்லை. சிமெண்டிலேயே வருகிற செடிக்கு விமானம் எதற்கு என்று தோன்றியது. பழங்களைப் பறித்துக்கொண்டு மேலே போனேன்.

ஆறு மாதத்தில் எங்கள் மாடி வராந்தா முழுக்கத் தொட்டிகள். நடக்க இடமில்லை என்று நோட்டீஸ் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கீரை வாங்கித் தின்றவர்கள்தான். ஆனாலும் அவர்கள் சைக்கிளை எங்கே நிறுத்துவார்கள்? அப்போதுதான் தீவின் வடகிழக்கில், குறுகிய காலக் குத்தகைக்கு ஒரு துண்டு நிலம் எடுத்தோம். நாலைந்து பூப்பந்து மைதானங்களைச் சேர்த்து வைத்த அளவு. சேமிப்பில் பாதி அதில் போனது.

நிலம் என்று பெயர்தானே தவிர, அது மஞ்சள் களிமண். மழை பெய்தால் பசை, வெயில் அடித்தால் செங்கல். முதல் விதைப்பில் ஒன்றுகூட முளைக்கவில்லை. இரண்டாவதில் முளைத்தது, நத்தைகள் தின்றன. மண்ணை மாற்றாமல் எதுவும் நடக்காது என்று புரிந்தது. மக்கு உரத்துக்குப் பொருள் வேண்டும். அது எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் மலைமலையாகக் கிடந்தது.

சனிக்கிழமை காலையில் வேனை எடுத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்குப் போவோம். வெள்ளிக்கிழமை விற்காமல் போன மல்லிகை, சாமந்தி, வாடிய மாலைகள்; டீக்கடைகளில் வடிகட்டிய தேயிலைத் தூள்; தேங்காய் மட்டை; கல்யாணம் முடிந்த மண்டபங்களில் சாய்த்து வைத்த வாழை மரங்கள். பூக்கடைக்காரர்கள் என்னைக் கண்டதும் சிரிப்பார்கள். “குப்பையம்மா வந்துட்டாங்க, எடுத்து வைங்கப்பா!” நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன். மாலைகளில் நார் இருக்கும், ஜரிகை இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக உருவி எடுத்த பிறகுதான் குவியலில் போட முடியும். ஞாயிறு முழுக்க நானும் கணவரும் எதிரெதிரே உட்கார்ந்து மாலை பிரித்திருக்கிறோம்.

எட்டு வருடம் இப்படி ஓடியது. களிமண்ணுக்கு மேலே பலகை அடித்து, பாத்திகளை ஒரு முழம் உயரத்துக்குக் கட்டினோம். அந்த மண் கன்னங்கரேலென்று ஆனது. பிடித்தால் கேக் மாதிரி உதிரும். கையை உள்ளே விட்டால் மண்புழு விரலில் ஏறும். அரைக்கீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி என்று வாரத்தில் மூன்று நாள் அறுத்தோம். காலை ஆறு மணிக்கு அறுத்த கீரை எட்டு மணிக்குத் தேக்காவில் இருக்கும். “ப்ளேன் வந்தாத்தான்” என்ற அதே அக்கா, “உள்ளூர்க் கீரைம்மா, இப்பத்தான் அறுத்தது, பனி கூடக் காயல” என்று கூவி விற்றார்.

அப்போதுதான் கடிதம் வந்தது. அந்தப் பகுதியில் வீடுகள் கட்டப் போகிறார்கள். குத்தகை முடிந்ததும் புதுப்பிக்க முடியாது. பத்து மாதத்தில் நிலத்தை ஒப்படைக்க வேண்டும்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாள் அந்தக் கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். ஆனால் நானும் அரசாங்கம் கட்டிய வீடமைப்பு வீட்டில் வளர்ந்தவள்தான். நான் பிறந்த கட்டடம் நின்ற இடத்திலும் ஒரு காலத்தில் யாரோ கத்தரி பயிரிட்டிருப்பார்கள். மூன்றாம் நாள் எழுந்து, விவசாய நிலம் எங்கே குத்தகைக்கு விடுகிறார்கள் என்று தேடினேன். தீவின் மேற்குக் கோடியில், லிம் சூ காங்கில், இருபது வருடக் குத்தகைக்கு ஒரு நிலம் இருந்தது. எங்களுடையதைப் போல மூன்று மடங்கு.

கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“மேற்குக் கோடின்னா சும்மாவா? வீடு இங்க, தோட்டம் அங்க. வேன் ஓட்டியே பாதி நாள் போயிடும்.”

“அப்ப விட்டுடலாமா?”

அவர் தட்டில் இருந்த கீரையைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

விண்ணப்பத்தை நான் எழுதினேன். உலகத்தில் ஒரே ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் பயப்பட மாட்டேன்: காகிதம். என்ன விளையும், எவ்வளவு விளையும், தண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே, எல்லாவற்றுக்கும் அட்டவணை போட்டேன். எட்டு வருட அறுவடைக் குறிப்பேட்டின் நகலை இணைத்தேன். நான்கு மாதம் கழித்து நிலம் எங்களுக்கு என்று பதில் வந்தது. விவசாய நிலங்களைக் கவனிக்கும் துறையில் என்னிடம் பேசிய அதிகாரி, கீரை மட்டுமே போட்டு விண்ணப்பித்தது இதுவே முதல் தடவை என்றார். சேலை கட்டிக்கொண்டு நேர்முகத்துக்கு வந்தவளும் நான்தான் முதல் என்று சிரித்தார்.

மறுநாள் கணவர் வேலையிலிருந்து சீக்கிரமே வந்தார்.

“என்னங்க, உடம்புக்கு முடியலையா?”

“ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்லா. முப்பது வருஷம் பஸ்ஸுக்கு அடியில படுத்து மேல பாத்தாச்சு. இனிமே நின்னுக்கிட்டு கீழ பாக்குறேன்.”

இருவருமாக மேற்கே போய் நிலத்தைப் பார்த்தோம். இடுகாடுகளைத் தாண்டி, கடல்வரை நேராக ஓடும் சாலை. ஒரு பக்கம் ராணுவப் பயிற்சிக் காடு. வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தலைக்கு மேலே போர் விமானங்கள். எங்கள் நிலத்தில் முன்பு யாரோ கோழிப் பண்ணை வைத்திருந்தார்கள். கொட்டகையை இடித்து, மண்ணை உருளை போட்டு அழுத்தியிருந்தார்கள். கணவர் கடப்பாரையால் ஓங்கிக் குத்தினார். கடப்பாரை டங்கென்று திரும்பி வந்தது.

“இதுல கீரை வராது. கார் பார்க் வேணும்னா போடலாம்” என்றார்.

அவர் சொன்னது சரிதான். இந்தத் தரையைப் பக்குவப்படுத்த இன்னும் எட்டு வருடம் ஆகும். எனக்கு அப்போது ஐம்பத்தைந்து. அங்கேயே நின்று யோசித்தேன். பிறகு சொன்னேன், “நம்ம மண்ணை இங்க கொண்டு வந்துடுவோம்.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பைத்தியம் என்று நினைத்த பார்வையல்ல. எத்தனை லாரி வேண்டும் என்று கணக்குப் போடும் பார்வை.

ஆனால் குத்தகை நிலத்திலிருந்து மண்ணை எடுத்துப்போக முடியுமா? கேட்டேன். அதைப் பார்க்க நில அலுவலகத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். தமிழ்ப் பெண், எங்கள் கீரையைத் தின்றவராகக்கூட இருக்கலாம். பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கைபேசியில் யாரிடமோ நெடுநேரம் பேசினார். பிறகு என்னிடம் வந்தார்.

“ஆன்ட்டி, தரைக்கு மேல நீங்க சேர்த்தது உங்களோடது, எடுத்துக்கலாம். தரையும் அதுக்குக் கீழ இருக்கறதும் ஸ்டேட் லேண்ட். அதத் தொடக் கூடாது.”

“தரை எங்க ஆரம்பிக்குதுன்னு எப்படித் தெரியும்?”

அவர் யோசித்தார். “நீங்கதான் சொல்லணும்.”

நான் ஒரு பலகையைக் கழற்றி, பாத்தியை மண்வெட்டியால் செங்குத்தாக வெட்டிக் காட்டினேன். மேலே கறுப்பு, கீழே மஞ்சள். நடுவில் கத்தியால் கீறியது போல ஒரு கோடு. அவர் குனிந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, “கறுப்பு உங்களோடது, மஞ்சள் எங்களோடது. டீல்!” என்றார். அதையே எழுத்தில் வாங்கிக்கொண்டேன். சொன்னேனே, காகிதம்.

மண்ணை அள்ள ஆறு நாள் ஆனது. சின்ன இயந்திரத்தால் மேலாக வழித்து, மஞ்சள் தெரியத் தொடங்கியதும் நிறுத்தி, மிச்சத்தை நாங்கள் மண்வெட்டியால் சுரண்டினோம். முப்பத்தொரு லாரி. ஓட்டுநர் ஒரு மலாய்க்காரர். முதல் நாள் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, வீடு மாற்றுகிறீர்களா என்று கேட்டார். வீடு அல்ல, மண் மட்டும்தான் என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். மண்ணுக்குக் காசு கொடுத்துச் சவாரி! மூன்றாம் நாள் அவரே இறங்கி ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். கடைசி நாள், மனைவி மிளகாய்ச் செடி வைத்திருக்கிறாள், ஒரு சாக்கு கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இரண்டு சாக்கு கொடுத்தேன்.

ஒவ்வொரு லாரிக்கும் தார்ப்பாய் கட்டினோம். விரைவுச்சாலையில் கிழக்கிலிருந்து மேற்கே போகும்போது நான் முன்னிருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே இருப்பேன். தார்ப்பாயின் ஓரம் படபடத்தால் ஓட்டுநரை ஓரங்கட்டச் சொல்லி, இறங்கி இழுத்துக் கட்டுவேன்.

தேக்கா அக்காவிடம் போய், நான்கைந்து மாதம் கீரை வராது என்று சொன்னேன். அவர் முகம் வாடியது. “அவ்வளவு நாள்னா ஆளுங்க மறந்துடுவாங்க. நான் வேற இடம் பாத்துக்கவா?” என்றார். பாருங்கள் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அவரும் கடை நடத்த வேண்டும்.

மண்ணைக் கொட்டி, பாத்திகளாகப் பரப்பி, விதை தூவுவதற்குள் பருவமழை வந்துவிட்டது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, பக்கத்துச் சரிவிலிருந்து தண்ணீர் எங்கள் நிலத்துக்குள் ஆறாக வந்துகொண்டிருந்தது. அடியில் இருந்த கெட்டித் தரை ஒரு சொட்டையும் உறிஞ்சவில்லை. எங்கள் கறுப்பு மண், காப்பி நிறத்தில் கரைந்து, வாசல் வழியாகச் சாலைக் கால்வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் மண்ணை அணைத்துப் பிடித்தேன். அவ்வளவு முட்டாள்தனம் செய்வேன் என்று நானே நினைத்ததில்லை. கணவர் மணல் மூட்டைகளை அடுக்கினார். அடுக்க அடுக்க அவை சரிந்தன. அந்த நேரத்தில் ஒரு பெரிய இரைச்சல் கேட்டது.

பக்கத்து நிலத்தில் சாய்சிம் கீரை போடும் சீனப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும், அதுவரை எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைப்பவர், தன்னுடைய சின்னத் தோண்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு வேலியோரமாக வந்தார். தலையில் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தார். மலாயும் ஆங்கிலமும் கலந்து கத்தினார். தண்ணீரை எதிர்த்துத் தடுக்காதே, அதற்கு வழி விடு என்பதுதான் அதன் பொருள். எங்களிடம் அனுமதியெல்லாம் கேட்கவில்லை. சரிவின் அடியில், எங்கள் எல்லை நெடுக ஆழமாக ஒரு வாய்க்காலை வெட்டிக்கொண்டே போனார். நாங்கள் இருவரும் பின்னாலேயே ஓடி, வெட்டிய மண்ணைக் கரையாகத் தட்டிக் கெட்டிப்படுத்தினோம். ஒரு மணி நேரத்தில் ஆறு திரும்பியது. தண்ணீர் பாத்திகளை விட்டு வாய்க்காலில் பாய்ந்து கடல் பக்கம் போனது.

அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி, எங்கள் மண்ணை மிதித்துப் பார்த்தார். குனிந்து ஒரு பிடி எடுத்தார். “வாஹ்! எங்கே வாங்கினாய்?” என்றார். வாங்கவில்லை, கொண்டு வந்தோம் என்றேன். நம்பவில்லை. அப்புறம் நம்பினார். அன்று மதியம் அவர் கொட்டகையில் உட்கார்ந்து மூன்று பேரும் சுடச்சுட நூடுல்ஸ் சாப்பிட்டோம். என் ஈர விரல்களில் குச்சி நழுவிக்கொண்டே இருந்தது. அவர் ஒரு கரண்டியைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்றில் ஒரு பங்கு மண் போய்விட்டது. மிச்சத்தைச் சரிசெய்து, பாத்திகளை மறுபடி கட்டினோம். விதை வாங்கிவர ஒரு வாரம் ஆகும் என்று காத்திருந்தோம். அந்த வாரத்தின் கடைசியில் ஒரு நாள் கணவர் எனக்கு முன்னால் வேலிக்கதவைத் திறந்து உள்ளே போனவர், அப்படியே நின்று கூப்பிட்டார்.

“இந்தா, சீக்கிரம் வா. நீ விதை போட்டியா?”

“இல்லையே!”

பாத்தி முழுக்கப் பச்சை. ஊசிமுனை அளவில் ஆயிரமாயிரம் முளைகள். கிட்டே போய் மண்டியிட்டுப் பார்த்தேன். மணத்தக்காளி. இடையிடையே சிவப்புத் தண்டோடு முளைக்கீரை. எட்டு வருடமாக உதிர்ந்த விதையெல்லாம் அந்த மண்ணுக்குள்ளேயே கிடந்து, லாரியேறி, மழையில் ஊறி, இங்கே கண் விழித்திருந்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காட்டுப் பக்கமிருந்து பீரங்கிச் சத்தம் வேறு. கணவர், “பாரு, மரியாதை வெடி போடுறாங்க” என்றார்.

ஆறாவது வாரம் அறுத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை வேன் நிறையக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு தேக்காவுக்குப் போனோம். சொல்லாமல்தான் போனேன். கடையில் வேறு கீரை வைத்திருப்பார், ஒரு மூலையில் கொஞ்சம் இடம் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன். அக்கா என்னைக் கண்டதும் கையில் இருந்த தராசுத் தட்டைக் கீழே வைத்தார்.

“வந்துட்டீங்களா! அடேங்கப்பா. தினமும் ஒரு இருபது பேரு கேக்குறாங்க, என் உயிர எடுக்குறாங்க. இறக்குங்க, இறக்குங்க!” என்று சொல்லிக்கொண்டே, இருந்த கத்தரிக்காய்க் கூடைகளைக் காலால் தள்ளி முன்வரிசையில் இடம் செய்தார்.

அன்று, ஊரிலிருந்து வேலைக்கு வந்து துவாஸ் தொழிற்பேட்டை விடுதிகளில் தங்கியிருக்கும் ஊழியர்கள் கூட்டம் நிறைய. அவர்களில் ஒருவர் ஒரு கட்டை எடுத்து முகத்தருகே வைத்துப் பார்த்தார்.

“அக்கா, இது நம்ம ஊருலேர்ந்து எப்ப வந்துச்சு?”

“ஊருலேர்ந்து இல்ல தம்பி, இங்கதான் விளைஞ்சது. லிம் சூ காங்” என்றார் கீரைக்கடை அக்கா.

“சிங்கப்பூர்லயா? வெவசாயமா?” என்று நண்பர்களைத் திரும்பிப் பார்த்தார். “யாரு போடுறா?”

“நான்தான்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். காலில் ரப்பர் பூட்ஸ், நகத்தில் மண். பிறகு நண்பர்களை அழைத்து, “டேய், இந்த அக்காதான்டா போடுறாங்களாம்” என்றார். ஆளுக்கு இரண்டு கட்டு வாங்கினார்கள். ஒருவர், கட்டில் வேரோடு இருந்த செடியைப் பார்த்து, வேரில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தடவி, “நல்ல மண்ணுக்கா” என்றார். எனக்குக் கிடைத்த பட்டங்களிலேயே பெரியது அதுதான். பத்து மணிக்குள் வேன் காலி.

இது நடந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. கெட்டித் தரை முழுவதையும் இப்போது பாத்திகள் மூடிவிட்டன. பூக்கடைகள் இப்போது என்னைத் தேடிக் குப்பையை அனுப்புகின்றன. சாய்சிம் தோட்டத்துக்காரியும் நாங்களும் அந்த வாய்க்காலைப் பொதுவில் பராமரிக்கிறோம்; அவர் எங்கள் பொன்னாங்கண்ணியைப் பூண்டு போட்டு வதக்குகிறார், நான் அவருடைய சாய்சிம்மில் பருப்புக் கூட்டு வைக்கிறேன். போன வருடம் தேக்கா அக்கா தோட்டத்தைப் பார்க்க வந்து, செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு முழுத் தோட்டத்தையும் சுற்றிவிட்டுத்தான் போனார்.

பழைய நிலத்தில் நாங்கள் ஒரு மரம்கூட வைத்ததில்லை. காய்ப்பதற்குள் குத்தகை முடிந்துவிடுமே என்ற பயம். இங்கே வந்த முதல் வருடமே கணவர் வேலியோரத்தில் ஒரு ஒட்டுப் பலாக்கன்றை நட்டார். இந்த ஜூன் மாதம் முதல் பழம் பழுத்தது. அன்று பார்த்து வேன் பணிமனையில் இருந்தது. கணவர் பழத்தைச் சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டார். பேருந்து நிறுத்தத்தில் நின்று கை காட்டினோம்.

ஓட்டுநர் கதவைத் திறந்து, சாக்கைச் சந்தேகமாகப் பார்த்தார். “டுரியானா? டுரியான் ஏத்தக் கூடாது, பஸ் முழுக்க நாறும்.”

“டுரியான் இல்லை, பலா” என்றார் கணவர், மார்பை நிமிர்த்திக்கொண்டு. “எங்க தோட்டத்துப் பழம்.”

ஓட்டுநர் கொஞ்சம் யோசித்து, ஏறச் சொன்னார். குழந்தையை வைத்துக்கொள்வது போலப் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு கணவர் உட்கார்ந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் வாசனை வண்டி முழுக்கப் பரவிவிட்டது. முன்னிருக்கையில் இருந்த மலாய்ப் பெண்மணி திரும்பி, “நாங்கா?” என்று மலாயில் பலாவின் பெயரைச் சொல்லிக் கேட்டார். ஆமாம் என்றோம். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

நான் ஜன்னல் பக்கம் கையை நீட்டி, தாண்டி வந்த எங்கள் தோட்டத்துப் பக்கம் காட்டினேன்.